பிரேக்கை மிதித்தால் இடப்பக்கம் இழுக்கும் ஃபியட் 1100டி: திம்பம் போவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பொள்ளாச்சி1100 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பெரியப்பா வைத்திருந்த 1967ஆம் ஆண்டு ஃபியட் 1100டி கார், ஆனைமலைப் பக்கம் உள்ள தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) பல ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்தது. என்ஜின், கார்புரேட்டர், வயரிங் வேலைகள் முடிந்து இப்போது வண்டி நன்றாகவே ஓடுகிறது. பிரேக்கும் சஸ்பென்ஷனும்தான் மனதை உறுத்திக்கொண்டிருக்கின்றன. ஆகவே, அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனையைக் கேட்கிறேன்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுக்கிறது. ஆனால் சிறிது தூரம் ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தால், வலப்பக்க முன்சக்கரத்து டிரம்தான் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளை) கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக இருக்கிறது. பெடல் முதல் மிதியில் பாதிக்குக் கீழே இறங்குகிறது. உடனே மறுபடி மிதித்தால் மேலேயே நின்றுவிடுகிறது. வண்டியின் பின்புறம் வலப்பக்கமாகச் சற்றுத் தாழ்ந்து நிற்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்புறத்திலிருந்து 'டக்' என்ற ஓசை வருகிறது. பட்டறையில் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் புது லைனிங் (டிரம்மின் உட்புறத்தில் உரசிப் பிடிக்கும் பகுதி) போட்டுக் கொடுத்தார்கள். இழுப்பு சிறிதும் குறையவில்லை.

வீட்டில் எல்லோரும் இந்தக் காரிலேயே சத்தியமங்கலம், திம்பம் வழியாகச் சாம்ராஜ்நகர் வரை போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இப்போதுள்ள நிலையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் இறங்க எனக்குத் துணிவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

சித்தாபுதூர்பட்டறை எழுதியது:

தம்பி, வணக்கம். அறிகுறிகளை ஒன்றுவிடாமல் எழுதியிருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, ஆனால் வலப்பக்க டிரம் சூடாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இதில் முக்கியமான தகவல். இடப்பக்கம் இழுக்கிறது என்றவுடன் பெரும்பாலானவர்கள் இடப்பக்கச் சக்கரத்தைத்தான் கழற்றுவார்கள். என் கணிப்பில் இடப்பக்கச் சக்கரம் சரியாகவே வேலை செய்கிறது; வலப்பக்கம்தான் தாமதமாகப் பிடித்துத் தாமதமாக விடுகிறது. மிதித்த கணத்தில் வலப்பக்கம் பிடிக்காததால் வண்டி இடப்பக்கம் போகிறது. காலை எடுத்த பிறகும் வலப்பக்கம் விடாமல் உரசிக்கொண்டே வருவதால் அந்த டிரம் சூடாகிறது.

இப்படிச் செய்வது பெரும்பாலும் சக்கரத்துக்கு வரும் ரப்பர் ஹோஸ்தான். வெளியே பார்த்தால் வெடிப்புகூட இருக்காது. உள்ளே இருக்கும் ரப்பர் ஆண்டுக்கணக்கில் ஊறிப் பருத்து, துளையை அடைத்துக்கொண்டிருக்கும். காலின் அழுத்தத்தில் ஆயில் எப்படியோ நுழைந்துவிடும். திரும்பி வருவதற்கோ ஷூவின் (லைனிங் ஒட்டியிருக்கும் வளைந்த துண்டின்) ரிட்டர்ன் ஸ்பிரிங் தரும் சிறிய விசை மட்டும்தான் உண்டு, அது போதாது. இதைச் சோதிக்கச் செலவே இல்லை. முன்புறத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டின் மேல் நிறுத்தி, ஒருவரைப் பிரேக்கை மிதித்து விடச் சொல்லுங்கள். வலப்பக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் அந்தச் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகை) அரைச் சுற்றுத் திறங்கள். கொஞ்சம் ஆயில் பீய்ச்சிவிட்டுச் சக்கரம் தாராளமாகச் சுற்றினால் அழுத்தம் உள்ளேயே அடைபட்டிருந்தது என்று பொருள். அடுத்த சக்கரம் சரியாக விடுகிறது என்பதால் மாஸ்டர் சிலிண்டரை (பெடலின் அழுத்தத்தை எல்லாச் சக்கரத்துக்கும் அனுப்பும் உருளையை) சந்தேகிக்க வேண்டியதில்லை, குற்றம் ஹோஸில்தான். நிப்பிளைத் திறந்த பிறகும் இறுக்கம் குறையவில்லை என்றால் சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருவேறிச் சிக்கியிருக்கும், இல்லையென்றால் ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

முதல் மிதியில் இறங்கி இரண்டாவது மிதியில் நிற்கும் பெடல் வேறு கதை. காற்று புகுந்திருந்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். உங்களுடையது அமுங்கவில்லை, தூரம்தான் அதிகம் போகிறது. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. புது லைனிங் போட்ட பிறகும் இப்படி இருக்கிறது என்றால், டிரம் முன்பே பலமுறை கடையப்பட்டு விட்டம் பெரிதாகியிருக்கலாம். லேத்துக்குக் கொண்டுபோய் விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். தயாரிப்பு அளவைவிட விட்டத்தில் சுமார் 1.5 மில்லிமீட்டருக்கு மேல் போன டிரம்மை நான் மறுபடி மாட்டுவதில்லை. சுவர் மெலிந்த டிரம் சூட்டைத் தாங்காது. மலை இறக்கத்தில் விரிந்து பெடலைக் கீழே கொண்டுபோய்விடும். ஒரு பக்கம் கடைந்தால் மறுபக்கமும் அதே அளவுக்குக் கடைய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். டிரம்மைக் கழற்றியவுடன் கம்ப்ரசர் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடும் வழக்கத்தை எங்கே பார்த்தாலும் நான் தடுத்துவிடுவேன். ஈரத்துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது.

'டக்' ஓசைக்கு முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளும் புறமுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாமல் இருந்தால் கிங்பின், அதாவது சக்கரம் இடமும் வலமும் திரும்ப அச்சாக இருக்கும் தண்டு. சக்கரத்தில் ஆட்டமே இல்லை, ஆனால் ஓசை வருகிறது என்றால் விஷ்போன் கையில் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கவை வடிவக் கை) உள்ள ரப்பர் புஷ்களைக் கம்பியால் நெம்பிப் பாருங்கள்.

நாமக்கல்பட்டை எழுதியது:

ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பின்புறம் வலப்பக்கம் தாழ்ந்து நிற்கிறது என்பதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊரில் லாரிகளுக்குப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வேலை செய்வதே என் தொழில். ஃபியட் 1100டியின் முன்புறம் காயில் ஸ்பிரிங் என்றாலும், பின்புறம் லாரியைப் போலவே முழு அச்சும் பட்டை செட்டும்தான். ஒரு பக்கம் தாழ்ந்தால் பட்டை உடைந்திருக்கும், அல்லது வளைவு இறங்கியிருக்கும். உடைந்த பட்டையோடு, பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டும் போயிருந்தால் அது பிரேக்கையும் பாதிக்கும்.

சென்டர் போல்ட்டின் தலை அச்சின் இருக்கையில் உள்ள குழியில் உட்கார்ந்திருக்கும். அச்சை அதன் இடத்தில் நிறுத்துவது அந்தத் தலைதான். யூ போல்ட் அழுத்திப் பிடிக்க மட்டுமே செய்கிறது. சென்டர் போல்ட் துண்டாகி யூ போல்ட்டும் தளர்ந்தால், பிரேக் பிடிக்கும்போது அந்தப் பக்கம் மட்டும் அச்சு பின்னால் நகரும். அப்போது வண்டி நண்டைப் போலக் கோணலாக ஓடும். முன்புறத்தில் எத்தனை ஹோஸ் மாற்றினாலும் அந்தக் கோணல் போகாது.

இதைப் பார்க்க அலைன்மென்ட் கடைக்குப் போக வேண்டியதில்லை. கொத்தனாரிடம் இருக்கும் தூக்குக் குண்டு ஒன்று, சாக்பீஸ், டேப் ஆகியவை போதும். சமமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, நான்கு சக்கரங்களின் ஹப் மையத்திலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். வண்டியைத் தள்ளி நகர்த்திவிட்டு, முன் புள்ளிக்கும் பின் புள்ளிக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்து பாருங்கள். 1100டியின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 2340 மில்லிமீட்டர். இரு பக்கமும் ஏறக்குறைய இதே அளவு வர வேண்டும். அதோடு மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். விரற்கடை அளவுக்கு வித்தியாசம் வந்தால் உடனே பட்டையைக் கழற்றுங்கள்.

வளைவு ஏற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டையை உலையில் பழுக்கக் காய்ச்சிச் சுத்தியால் அடித்து வளைத்துவிட்டு அப்படியே ஆறப்போட்டால், அதன் பதம் போய்விடும். சில மாதங்களில் மறுபடி உட்கார்ந்துவிடும். காய்ச்சினால் எண்ணெயில் குளிர்வித்து, மீண்டும் மிதமான சூட்டில் பதம் இறக்க வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் பச்சையாகவே, அதாவது காய்ச்சாமல், அழுத்தி வளைவு ஏற்றச் சொல்லுங்கள். உடைந்த பட்டையை வெல்டிங் வைக்கச் சம்மதிக்கவே வேண்டாம். அதேபோல், தாழ்கிறது என்பதற்காக ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்பவர்களும் உண்டு. பின்புறம் உயர்ந்து விறைத்துப்போகும். கரடுமுரடான சாலையில் பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். துள்ளும் சக்கரம் பிரேக் பிடிக்காது.

திருப்பூர்மார்க்டூ எழுதியது:

இந்த இழையில் இடையே நுழைவதற்கு அண்ணன்மார் பொறுத்துக்கொள்ள வேண்டும். என்னிடம் இருப்பது அம்பாசடர் மார்க் 2. முன்புறம் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்போல் வேலை செய்யும் எஃகுத் தண்டு). ஷாக் அப்சார்பர் பழைய லீவர் ஆர்ம் வகை. எனக்கு இரண்டு ஐயங்கள். மேட்டில் நிறுத்தி வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கினால் பிரேக் பிடிப்பு மிகவும் குறைவாகத் தெரிகிறது; முன்னோக்கி ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. அடுத்து, முன்புறம் இடப்பக்கம் தாழ்ந்திருப்பதால் இரு பக்க டார்ஷன் பார்களையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

சித்தாபுதூர்பட்டறை எழுதியது:

அம்மிணி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: இடம் மாற்றவே கூடாது. டார்ஷன் பார் ஒரே திசையில் முறுக்கப்பட்டே பழகிய எஃகு. அதை எதிர்ப்பக்கம் மாட்டினால் எதிர்த்திசையில் முறுகும். அந்த நிலையில் முறிந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம். கழற்றும்போதே இடது, வலது என்று பெயிண்டால் குறித்து வைப்பது நல்ல பட்டறையின் அடையாளம். பாரின் மேல் சுத்தி படுவதோ, வைஸின் பல் பதிவதோகூடக் கூடாது; அந்தக் கீறலில்தான் விரிசல் தொடங்கும். தாழ்வைப் பல் இணைப்பில் இடம் மாற்றிச் சரிசெய்ய முடியும், ஆனால் அதற்கு முன் லீவர் ஆர்ம் ஷாக்கில் எண்ணெய் இருக்கிறதா, அதன் தண்டு ஆடுகிறதா என்று பாருங்கள். முன்புறத்தில் அந்த ஷாக்கின் கைதான் மேல் விஷ்போனாகவும் வேலை செய்கிறது. எனவே தண்டு தேய்ந்தால் சக்கரத்தின் கோணமே மாறிவிடும். அதில் ஷாக் அப்சார்பருக்கான மெல்லிய எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயிலையோ, கியர் ஆயிலையோ ஊற்றக் கூடாது.

மேட்டில் பின்னோக்கி உருளும்போது பிடிப்பு குறைவது பழுதல்ல. அம்பாசடரின் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்கள். இரண்டு ஷூக்களும் முன்னோக்கிச் சுழலும் டிரம்மோடு சேர்ந்து தாமாகவே இறுகும் அமைப்பு. சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால் அந்தத் தன்னிறுக்கம் கிடைக்காது. அதனால் மேட்டில் கை பிரேக்கை நம்பியே நிற்க வேண்டும். அதன் கேபிளையும் பின்சக்கர ஷூக்களையும் நல்ல நிலையில் வைத்திருங்கள். அந்தக் காலத்து ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரில் எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அப்போது கையில் மிஞ்சுவது அந்த ஒரு லீவர்தான்.

ஈரோடுசாலை எழுதியது:

பெரியவர்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். குடும்பத்தோடு மலையேறப் போகிறவருக்கு, 1960களின் டிரம் பிரேக்கையே புதுப்பித்துக் கொடுப்பது சரியா? முன்புறத்துக்கு டிஸ்க் மாற்றினால் சூட்டால் பிடிப்புக் குறைவது பெருமளவு தீரும். இத்தாலியில் 1966இல் வந்த ஃபியட் 1100 ஆர் மாடலுக்கு நிறுவனமே முன்சக்கரத்தில் டிஸ்க் பொருத்தியது. அவர்களே மாற்றியதை நாம் ஏன் மாற்றக் கூடாது? மூல நிலையைக் காக்க வேண்டும் என்ற ஆசைக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க முடியாது.

சித்தாபுதூர்பட்டறை எழுதியது:

கேள்வி நியாயமானது. மூல நிலை என்பதற்காக நான் டிரம்மை ஆதரிக்கவில்லை. அந்த நிறுவனம் டிஸ்க் பொருத்தியபோது ஹப், மாஸ்டர் சிலிண்டரின் விட்டம், முன்பின் பிரேக் விகிதம் அனைத்தையும் ஒன்றாகக் கணக்கிட்டுச் செய்தது. இங்கே செய்யப்படுவதோ, வேறொரு சிறிய காரின் டிஸ்க்கையும் காலிப்பரையும் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) வாங்கி, ஓர் இரும்புத் தகட்டை வெட்டிப் பிராக்கெட் அடித்து மாட்டுவது. டிரம் பிரேக்குக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில், குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் நிறுத்திவைக்கும் வால்வு ஒன்று இருக்கும். டிரம்மில் ரிட்டர்ன் ஸ்பிரிங் அதைத் தாங்கிக்கொள்ளும். டிஸ்க்கில் அப்படி இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. பேட் உரசிக்கொண்டே ஓடும். அடுத்தது, டிஸ்க்குக்குத் தன்னிறுக்கம் இல்லாததால் பெடலை மிக அதிகமாக அழுத்த வேண்டும். உடனே கால் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டர் கேட்பார்கள். பூஸ்டர் வைத்தால் பின்சக்கர டிரம்முக்கும் அழுத்தம் கூடும். ஈரச் சாலையில் முதலில் பூட்டிக்கொள்வது அந்தப் பின்சக்கரம்தான். பின்சக்கரம் பூட்டிய வண்டி சுழலும்.

முழுக் கணக்கோடு, தெரிந்தவர் செய்தால் டிஸ்க் நல்லதுதான். ஆனால் கெட்டுப்போன டிரம் பிரேக்குக்கு மருந்தாக டிஸ்க்கை மாட்டுவதை ஏற்க மாட்டேன். இப்போது அந்தத் தம்பியின் வண்டியில் இருப்பது அடைபட்ட ஹோஸும் உடைந்த பட்டையும் என்றால், டிஸ்க் மாட்டினாலும் அவை இரண்டும் அப்படியேதான் இருக்கும்.

ஈரோடுசாலை எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. முதலில் இருப்பதைச் சரிசெய்து, அதன் பிறகும் போதவில்லை என்றால் பேசலாம். மாஸ்டர் சிலிண்டரையாவது இரட்டைச் சுற்றுக்கு மாற்றுவது நல்லது என்ற கருத்தில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

சித்தாபுதூர்பட்டறை எழுதியது:

அதில் நானும் உங்கள் பக்கம்தான். துளை விட்டமும், பெடல் தள்ளும் தூரமும் பொருந்தும்படி தேர்ந்தெடுத்தால் அது நல்ல மாற்றம்.

கோபிஹெரால்டு எழுதியது:

ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு செய்தி. சென்னையில் தயாரான இந்த வண்டியின் முன் சஸ்பென்ஷனின் கீழ் முனையில் டிரன்னியன் என்ற பித்தளைத் துண்டு இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு அதன் மரையில்தான் சுழல்கிறது. எல்லா வண்டிக்கும் கிரீஸ் அடிப்பதுபோல அதற்கும் கிரீஸ் அடிக்கிறார்கள். அதற்குக் கொடுக்க வேண்டியது 90 எண் கியர் ஆயில். கிரீஸ் மரையின் உள்ளே இறங்காமல் மேலேயே கெட்டிப்பட்டுவிடும். உள்ளே தண்ணீர் தேங்கித் தண்டு துருப்பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் மடிந்துவிடும். கிரீஸ் கன்னிலேயே கியர் ஆயிலை நிரப்பி, கீழ்ப்புறம் புது எண்ணெய் கசியும்வரை அழுத்துவது என் வழக்கம். பின்புறம் குறுக்காகப் படுத்திருக்கும் ஒற்றைப் பட்டை செட்டும், தொங்கும் அச்சும் இருப்பதால், வளைவின் நடுவில் திடீரென்று பிரேக் அடித்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

பிரேக் ஆயில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வழக்கமான கிளைகால் (glycol) வகை ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது டாட் 3 வகையின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4 வகைக்கு 230. ஈரம் ஏறியபின் அவை 140, 155 என்று இறங்கிவிடும். மலை இறக்கத்தில் வீல் சிலிண்டருக்குள் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும். ஆகவே, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். சிலிக்கோன் வகையான டாட் 5 ஈரத்தை உறிஞ்சாது, பெயிண்டைக் கெடுக்காது; ஆனால் மற்றதோடு கலக்கக் கூடாது. மாறுவதென்றால் எல்லா ரப்பரையும் மாற்றிவிட்டு, குழாய்களைக் கழுவித்தான் மாற வேண்டும். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலையோ ஹைட்ராலிக் ஆயிலையோ ஊற்றினால் கப் வாஷர்கள் அனைத்தும் ஊதிப் பெருத்து, மொத்த அமைப்பையும் பிரிக்க வேண்டிவரும்.

பொள்ளாச்சி1100 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தோம். முடிவுகளை எழுதுகிறேன்.

வலப்பக்க முன்சக்கரம் மிதித்து விட்ட பிறகு அசையவே இல்லை. பிளீடரைத் திறந்ததும் கறுப்பாக ஆயில் தெறித்து, சக்கரம் விரலால் தள்ளினாலே சுற்றியது. ஹோஸைக் கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். உள் ரப்பர் மாவுபோல் குழைந்து, ஓரிடத்தில் குண்டூசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. மூன்று ஹோஸ்களையும் மாற்றியாயிற்று. வீல் சிலிண்டர்களில் ஒன்றில் குழிக்குழியாகத் துரு இருந்ததால், கோவையில் ஒரு லேத் பட்டறையில் எஃகு ஸ்லீவ் போட்டு மூல விட்டத்துக்கே கொண்டுவந்தார்கள். பம்ப்செட் வேலை செய்து பழகிய அவர்கள் கையில் அந்த அளவு துல்லியமாக வந்தது. இடப்பக்க டிரம் அளவுக்குள் இருக்கிறது. வலப்பக்கம் வரம்பைத் தாண்டியிருந்ததால், உக்கடத்தில் தேடி நல்ல ஜோடி ஒன்று வாங்கினோம்.

தூக்குக் குண்டு வைத்து அளந்ததில் இடப்பக்கம் சரியாக இருந்தது, வலப்பக்கம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் கூடுதலாக வந்தது. நாமக்கல் அண்ணன் சொன்னது அப்படியே நிகழ்ந்திருக்கிறது: இரண்டாவது பட்டை மையத் துளையிலேயே உடைந்து, சென்டர் போல்ட்டின் தலை தனியாகக் கையோடு வந்தது. 'டக்' ஓசை கீழ் விஷ்போன் புஷ்ஷிலிருந்து வந்திருக்கிறது, கிங்பின்னில் குறையில்லை.

இனி எல்லாவற்றையும் பூட்டும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லுங்கள்.

நாமக்கல்பட்டை எழுதியது:

பட்டை செட்டை ஜோடியாகவே கழற்றி, இரு பக்கமும் ஒரே வளைவுக்குக் கொண்டுவாருங்கள். பட்டைகளுக்கு இடையே உள்ள துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். கழிவு எண்ணெயும் டீசலும் கலந்து தெளிக்கும் பழக்கத்தை இந்த வண்டியில் செய்ய வேண்டாம். அது ரப்பர் புஷ்ஷைத் தின்றுவிடும். யூ போல்ட் பழையதை மாட்டாதீர்கள், நீண்டு போயிருக்கும். புதிதை இறுக்கிய பிறகு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.

ரப்பர் புஷ் உள்ள எல்லா போல்ட்டையும், ஷேக்கிளானாலும் விஷ்போனானாலும், வண்டி தன் சக்கரத்தில் நின்று முழுப் பாரத்தையும் ஏற்ற நிலையில்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியவுடன் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் நிற்கும். சில மாதங்களில் கிழிந்துவிடும். புது புஷ் சீக்கிரம் போய்விட்டது என்று சொல்பவர்களின் வண்டியில் பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

சித்தாபுதூர்பட்டறை எழுதியது:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள், தம்பி. வேறு டிரம் வந்திருப்பதால் லைனிங் அதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். டிரம்மின் உட்புறம் முழுவதும் சாக்பீஸ் தடவி, ஷூவை உள்ளே வைத்துக் கையால் அழுத்திச் சிறிது சுற்றி எடுங்கள். லைனிங்கின் நடுப்பகுதி முழுவதிலும் வெள்ளை ஒட்டியிருக்க வேண்டும். இரு முனையில் மட்டும் ஒட்டியிருந்தால் ஷூவின் வளைவு பெரிது. முனைகளைத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் பிடுங்கிப் பிடிக்கும். நடுவில் ஒரு பட்டையாக மட்டும் ஒட்டியிருந்தால் அது ஓடஓடப் படிந்துவிடும். ஆனால் அதுவரை பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும்.

பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள கம்பியில் சிறிதளவு தளர்ச்சி இருந்தே ஆக வேண்டும். பெடல் உயரமாக நிற்கட்டும் என்று அதை இறுக்கிவிட்டால், பிஸ்டன் முழுதும் பின்னால் வராது. ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். ஓடஓட ஆயில் சூடேறி விரிந்து, நான்கு சக்கரமும் தாமாகவே பிடித்துக்கொள்ளும்.

காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் உள்ள பின்சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, கால் முழுத் தூரமும் போகாதபடி தடுத்துவிடுங்கள். பல ஆண்டு நின்ற மாஸ்டர் சிலிண்டரில், வழக்கமாக வாஷர் ஓடாத அடிப்பகுதியில் துரு படிந்திருக்கும். முழுதாக மிதித்தால் வாஷர் அந்தத் துருவில் உரசிக் கிழியும். குழாய் ஏதாவது மாற்றுவதாக இருந்தால், ஏசி கடையில் கிடைக்கும் வெறும் செம்புக் குழாயை வாங்கிவிடாதீர்கள். அதிர்வில் இறுகி வெடிக்கும். எஃகு, அல்லது செம்பு நிக்கல் கலந்த பிரேக் குழாய்தான் வேண்டும். முனையை இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும்.

திருப்பூர்மார்க்டூ எழுதியது:

டயரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அண்ணா. பழைய நைலான் டயரும் ரேடியலும் ஒரே அச்சில் கலந்திருந்தால் பிரேக்கில் இழுப்பு வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஈரோடுசாலை எழுதியது:

சரியான நினைவூட்டல். கலக்கவே கூடாது, நான்கும் ஒரே வகையாக இருப்பதே நல்லது. காற்றழுத்தம் இடமும் வலமும் மாறியிருந்தாலும் இதே இழுப்பு வரும். ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும்.

மலைப்பாதை பற்றி என் பங்குக்குச் சொல்கிறேன். திம்பம், வால்பாறை, கொல்லிமலை என்று எந்த இறக்கமானாலும், அந்த மேட்டை ஏற எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து லேசாக அழுத்திக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விட்டுவிடுங்கள். டிரம்முக்கு ஆற நேரம் கிடைக்கும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால் லைனிங் சூடேறிப் பிடிப்பு இழந்திருக்கிறது. பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் ஆயில் கொதித்திருக்கிறது. எதுவானாலும் கியரைக் குறைத்து ஓரமாக நிறுத்தி, தானாக ஆறும்வரை காத்திருங்கள். சூடான வார்ப்பிரும்பு டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். சூட்டோடு கை பிரேக்கை இழுத்து வைக்காமல் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். திம்பம் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால், அவசரப்படாமல் இறங்கும்படி காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

பொள்ளாச்சி1100 எழுதியது:

எல்லாவற்றையும் பூட்டி முடித்து, ஆளியாறு சாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் ஓட்டிப் பார்த்தோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்தபடி மிதித்தாலும் வண்டி நேராக நிற்கிறது. நிறுத்தியவுடன் நான்கு டிரம்மையும் தொட்டுப் பார்த்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு வெதுவெதுப்பு. பெடல் முதல் மிதியிலேயே உயரத்தில் நிற்கிறது. வீல்பேஸ் இரு பக்கமும் ஒத்துவந்துவிட்டது.

ஒன்றுதான் மிச்சம். மெதுவாக நிற்கும்போது, கடைசி நொடியில் பெடல் காலடியில் மேலும் கீழுமாக லேசாகத் துடிக்கிறது. வேகத்தில் தெரியவில்லை. இதோடு மலை ஏறலாமா?

சித்தாபுதூர்பட்டறை எழுதியது:

டிரம் முழு வட்டமாக இல்லை, தம்பி. பழைய டிரம்மை வாங்கினால் இது சாதாரணம். நீண்ட நாள் ஒரே நிலையில் கிடந்திருக்கும், அல்லது வீல் நட்டை ஒரு பக்கமாக இறுக்கியிருப்பார்கள். முதலில் நட்டுகளைத் தளர்த்தி, எதிரெதிராகச் சமமாக இறுக்கிப் பாருங்கள். துடிப்பு போகவில்லை என்றால் டிரம்மை ஹப்போடு சேர்த்தே லேத்தில் பூட்டி, வட்டம் வரும் அளவுக்கு மட்டும் கடையச் சொல்லுங்கள். ஜோடியின் மற்றதையும் அதே அளவுக்கு. அதன் பிறகு ஷூவை மறுபடி அட்ஜஸ்ட் செய்துவிட்டு, சமவெளியில் ஒரு வாரமாவது ஓட்டி லைனிங் படிந்த பிறகே திம்பம் ஏறுங்கள். இப்போதைய நிலையில் வேண்டாம்.

பொள்ளாச்சி1100 எழுதியது:

அப்படியே செய்கிறேன், ஐயா. திங்கட்கிழமை டிரம்களை ஹப்போடு லேத்துக்குக் கொண்டுபோகிறேன். பயணத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டதாக வீட்டிலும் சொல்லிவிட்டேன்.